18 செ.மீ. மலைக்கல்: அடியை வெட்டணுமா, பீடம் செதுக்கணுமா?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை பூலோ நர்சரி வரிசையில வாங்கின கல் ஒண்ணு கையில இருக்கு. இயற்கையாவே மலை மாதிரி இருக்கற கல்லை ஜப்பான்காரங்க அழகுக்காக சுய்செகின்னு வைக்கிற முறையில வீட்டுல வைக்கணும். கல்லோட விவரம் இது:

நீளம் 18 செ.மீ., முன்பின் அகலம் 9, உயரம் 7. எடை ஒண்ணே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. காய்ஞ்சிருந்தா கரும்சாம்பல், நனைச்சா கிட்டத்தட்டக் கறுப்பு. இடப்பக்கத்திலேர்ந்து மூணுல ஒரு பங்கு தள்ளி பெரிய உச்சி, வலப்பக்கம் சின்ன உச்சி, நடுவுல நீளமான சரிவு. பெரிய உச்சியிலேர்ந்து மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு கீழ இறங்குது. அடிப்பாகம்தான் சிக்கல். வலது ஓரத்துக்குக் கீழ ஒரு புடைப்பு, மத்த இடத்தைவிட 12 மில்லி நீட்டிக்கிட்டு நிக்குது. மேசையில வச்சா இடப்பக்கம் சாயுது.

கேக்கணும்னு நினைச்சது: அடியை டைல் கட்டர்ல வெட்டி மட்டம் பண்ணிடலாமா? பீடம் செய்யறதா இருந்தா நம்ம ஊர்ல கிடைக்கிற எந்த மரம் சரி? மரம் வேணாம்னு தண்ணித் தட்டுல மணல் போட்டு வச்சா கொசு வராதா? கடைக்காரர் பேபி ஆயில் தடவுங்கன்னு சொன்னார், செய்யலாமா?

மரத்துல குழி எடுக்கற ரூட்டர் மிஷின் கிடையாது. கையில பிடிக்கிற ரோட்டரி டூல், ட்ரில், ரெண்டு மூணு உளி இருக்கு.

கூழாங்கல் (கோலாலம்பூர்):

தம்பி, வெட்டுவதற்கு முன்னால் அது என்ன கல் என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

அடிப்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், இரும்பு ஆணியால் அழுத்திக் கீறுங்கள். வெள்ளைத் தூளோடு பள்ளம் விழுந்தால் மென்கல். ஆணியே தேய்ந்து பளபளப்பான உலோகக் கோடு மட்டும் கல்லில் ஒட்டினால் கடினமான கல். அடுத்து, கல்லின் ஓரத்தால் ஒரு பழைய கண்ணாடித் துண்டைக் கீறிப் பாருங்கள். கண்ணாடியில் கீறல் விழுந்தால் கடினம் மோஸ் அளவில் ஐந்தரைக்கு மேல். சுய்செகிக்கு நல்லது என்று சொல்லும் கற்கள் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழுக்குள் இருக்கும். மென்கல் வருடக்கணக்கில் கைபட்டு, நீர்பட்டு வரும் தேய்மானத்தைத் தாங்காது. முனைகள் மழுங்கிவிடும்.

பிறகு கீறின தூளின் மேல் ஒரு சொட்டு வெள்ளை வினிகர். நுரைத்தால் சுண்ணாம்புக்கல் இனம். தூளின் மேல் விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சில சுண்ணாம்புக்கற்கள் முழுக்கல்லாக இருக்கும்போது வினிகருக்கு அசையாது, தூளானால்தான் நுரைக்கும். இதே சோதனையை அந்த வெள்ளைக் கோட்டிலும் செய்யுங்கள், ஆனால் கோட்டின் அடிமுனையில். கறுப்புக் கல்லுக்குள் ஓடும் வெள்ளைக் கோடு இரண்டு வகையாக இருக்கலாம். வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) என்றால் ஆணிக்கு அசையாது, வினிகருக்கும் அசையாது. கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் என்றால் இரண்டுக்கும் மசியும். கால்சைட் கோடு உள்ள கல்லை டைல் கழுவும் ஆசிடில் போட்டீர்களானால் கல் தப்பிக்கும், கோடு கரைந்து வாய்க்காலாகிவிடும். உங்கள் கல்லின் உயிரே அந்தக் கோடுதான். அருவி இறங்கும் மலை என்று ஜப்பானில் தாகி-இஷி என ஒரு வகையே தனியாக இருக்கிறது.

நர்சரிக் கல்லில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மேடுகள் மட்டும் மினுங்கிப் பள்ளங்கள் மங்கலாக இருந்தால் பரவாயில்லை. பள்ளத்தின் ஆழம் வரைக்கும் ஒரே மாதிரி பளபளத்தால் எண்ணெயோ வார்னிஷோ பூசியிருக்கிறார்கள். வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். போகாவிட்டால் பஞ்சில் அசிட்டோன் நனைத்து அடிப்பக்கம் துடைத்துப் பாருங்கள். பஞ்சு பழுப்பாகும். இடுக்கில் இருக்கும் மண்ணை மூங்கில் குச்சியால் கிளறுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம்: பித்தளைக் கம்பி மஞ்சள் கோடு போடும், இரும்புக் கம்பி விட்டுப்போகும் துகள் நம் ஊர் ஈரத்தில் இரண்டே நாளில் துருப்பிடிக்கும்.

வெட்டும் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். ஜப்பானிலேயே அடி வெட்டிய கற்கள் உண்டு, அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் வெட்டாத கல்லுக்குத்தான் மதிப்பு. வெட்டியிருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுவதுதான் முறை. நாகோயா தொக்குகாவா அருங்காட்சியகத்தில் இருக்கும் யுமே நோ உக்கிஹாஷி என்ற கல்லைப் படத்தில் பாருங்கள். கோ-தைகோ பேரரசர் கையில் இருந்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் கல். பாலம் போல நீளமாக, தட்டில் மணல் மேல் சும்மா படுத்திருக்கும். அவ்வளவுதான் அலங்காரம்.

உங்கள் கல்லில் வெட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மில்லிப் புடைப்பை எடுத்தால் வலது உச்சியின் அடிவாரமும் சேர்ந்து போகும். வெட்டின விளிம்பு கத்தி போலக் கூர்மையாக நிற்கும். வெட்டுமுகம் வெளுத்து இருக்கும், அந்த நிறம் மேல்தோலோடு சேரவே சேராது. மலை தரையிலிருந்து எழுந்த மாதிரி இல்லாமல், கேக் துண்டை மேசையில் வைத்த மாதிரி ஆகிவிடும்.

புடைப்பை மறைக்கிற வேலை மரத்துக்கு, இல்லையென்றால் மணலுக்கு. எது செய்தாலும் முதலில் கல்லின் முகத்தை முடிவு செய்யுங்கள். பிளாஸ்டிசின் களிமண் உருண்டைகள் மேல் நிறுத்தி, கண் மட்டத்தில் உட்கார்ந்து, சுற்றிச் சுற்றிப் பாருங்கள். முன்பக்கம் கொஞ்சம் உள்வாங்கி, இரண்டு ஓரமும் பார்ப்பவரை நோக்கி வளைந்திருந்தால் அதுவே முகம். பெரிய உச்சி பின்னால் சாய்வது போல இருந்தால் கல் நம்மை விட்டு விலகுவதாகத் தோன்றும். இரண்டு மூன்று டிகிரி முன்னால் சாய்த்துப் பாருங்கள், மலை நிமிர்ந்துவிடும். முடிவானதும் நான்கு பக்கமும் மேலிருந்தும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செதுக்கும்போது நடுவில் குழம்பினால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் ஆதாரம்.

பூச்சோங்_99:

இவ்வளவு யோசிக்கணுமா? டைல் கட்டர்ல ரெண்டு நிமிஷம், முடிஞ்சது. நம்ம வீட்டுக் கல்லு, யார் வந்து கேக்கப் போறா.

ஆயர்ஈத்தாம்_மரக்கை (பினாங்கு):

பூச்சோங் தம்பி, கேக்கறதுக்கு யாரும் வரமாட்டாங்க, சரிதான். ஆனா 9 செ.மீ. அகலக் கல்லுல சின்ன டைல் கட்டரோட பிளேடு ஒரே வெட்டுல மறுபக்கம் வரைக்கும் போகாது, திருப்பி வச்சு வெட்டினா ரெண்டு வெட்டும் சேராம நடுவுல படி விழும். தண்ணி விடாம வெட்டினா வர்ற தூசி நுரையீரலுக்குள்ள போய் உக்காந்துக்கும். சும்மா விடுங்க.

செந்தூல் தம்பிக்கு மரம் பத்திச் சொல்றேன். ஜப்பான்ல பீடத்துக்கு டாய்சான்னு பேரு. அங்க செம்மரம், கருங்காலி இனத்துல செய்வாங்க. நமக்கு இங்க வேற கணக்கு.

ஜெலுத்தோங்: வெண்ணெய் மாதிரி செதுக்க வரும். வெளிறின நிறம், சாயம் கண்டிப்பா பூசணும். பால் ஓடின சின்னச் சின்னப் பிளவு உள்ள இருக்கும், பலகை வாங்கும்போது ரெண்டு முகமும் பார்த்து வாங்குங்க. பழகிப் பாக்கறதுக்கு இதுதான்.

ஞாத்தோ: முதல் பீடத்துக்கு என்னோட சிபாரிசு இதுக்குத்தான். இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம், கருங்கல்லோட சண்டை போடாது. சில துண்டுல உளி சீக்கிரம் மழுங்கும், தீட்டிக்கிட்டே செய்யணும்.

மெர்பாவ் பாக்க அழகு, ஆனா ஈரம் பட்டா பழுப்புச் சாயம் விடும், இரும்பு பட்ட இடம் கறுத்துப்போகும். தண்ணி தெளிக்கிற கல்லுக்குக் கீழ அதை வைக்காதீங்க. செங்கால் மரம் வீட்டுத் தூணுக்கு வைரம் மாதிரி, ரோட்டரி டூலுக்கு எமன். ரப்பர் மரத்துல நீலப்பூசணமும் வண்டும் வரும், மருந்து ஏத்தின பலகையா இல்லாட்டி தொடவேண்டாம்.

பலகை அளவு: 22 செ.மீ. நீளம், 13 அகலம், ரேகை நீளவாக்குல. தடிமன் எவ்வளவுன்னு இப்படிப் பாருங்க. உங்க புடைப்பு 12 மில்லி. கல்லோட மத்த அடிப்பாகம் மரத்துக்குள்ள 4 மில்லி இறங்கணும். ஆகப் புடைப்புக்குக் குழி 16 மில்லி. அதுக்குக் கீழ தரை 5 மில்லி. கால் உயரம் 7. மொத்தம் 28. 30 மில்லிப் பலகை வாங்குங்க. வாங்கினதைக் கல் இருக்கப்போற அறையிலேயே ரெண்டு மூணு வாரம் காத்தாட வையுங்க. மரக்கடையில மழைக்காத்துல கிடந்த பலகை ஏசி அறைக்கு வந்ததும் சுருங்கும். கல் சுருங்காது. இறுக்கமா செதுக்கியிருந்தா ஓரம் பிளக்கும்.

இனி வேலை. கல்லைக் களிமண் மேல சரியான நிலையில நிறுத்துங்க. தடிமன் ஒரே சீரா இருக்கற மரத்துண்டு ஒண்ணு மேல பென்சிலைப் படுக்க வச்சு, மேசையில நகத்திக்கிட்டே கல்லைச் சுத்திக் கோடு போடுங்க. அதுதான் கல் எதுவரைக்கும் மரத்துல இறங்கணுங்கற எல்லைக்கோடு. கருங்கல்லுல வெள்ளைப் பென்சில் நல்லாத் தெரியும், கழுவினா போயிடும்.

அப்புறம் பலகை மேல கல்லை வச்சுச் சுத்தி வரையணும். சாதாப் பென்சிலைச் செங்குத்தாப் பிடிச்சா ஈயம் கல்லை விட்டு மூணு நாலு மில்லி தள்ளி ஓடும். பென்சிலை நீளவாக்குல ரெண்டாப் பிளந்து, தட்டையான பக்கத்தைக் கல்லோட ஒட்டி வரைங்க. கல்லு மேல போகப்போக அகலமாகிற இடம் இருந்தா அங்க கோடு எல்லைக்கோட்டைவிட வெளியில விழும், அதாவது நிழலை வரையறீங்க, கல்லை இல்ல. அந்த இடங்கள்ல 2 மில்லி உள்ள தள்ளியே செதுக்க ஆரம்பிங்க. மரத்தை எடுக்கலாம், திருப்பி வைக்க முடியாது.

ட்ரில்லுல தட்டையடி ஃபோர்ஸ்ட்னர் பிட் போட்டுப் பெரும்பகுதியை எடுங்க, ஆழம் தெரிய பிட்டுல டேப் சுத்திக்குங்க. ஓரத்துக்கு ரோட்டரி டூல்ல 3 மில்லி உருண்டை பர் (அரைக்கிற முனை), ஒரு தடவைக்கு ஒரு மில்லிக்கு மேல போகாதீங்க. புடைப்புக்குழி கடைசியா.

பொருத்தறதுதான் பொறுமைக்குச் சோதனை. கார்பன் பேப்பரை மைப்பக்கம் மரத்தைப் பாத்து வச்சு, மேல கல்லை இறக்கி, முட்டியால லேசாத் தட்டுங்க. எடுத்தா மரத்துல நீலப்புள்ளி. அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டுங்க. மறுபடி இறக்குங்க. முப்பது நாப்பது தடவை ஆகும், ஆகட்டும். லிப்ஸ்டிக் தடவற வழக்கமும் உண்டு, ஆனா அந்தக் கொழுப்பு நுண்துளைக்குள்ள ஏறினா கல்லு கறைபடும். கல் எல்லைக்கோடு வரைக்கும் உக்காந்து, சுத்தி அரை மில்லி இடைவெளி இருந்தாப் போதும்.

வெளிக்கோட்டுக்கு ஒரு கைமருந்து. வெளி விட்டம் 10 மில்லி இருக்கற வாஷரைப் பலகை மேல படுக்க வச்சு, துளையில பென்சில் முனையை நிறுத்தி, வாஷரோட விளிம்பு கல்லைத் தொட்டபடியே சுத்தி வந்தீங்கன்னா 5 மில்லி தள்ளி ஒரே சீரா கோடு விழும். அந்தக் கோட்டுல ஜிக்ஸாவால அறுங்க. விளிம்பு மேல வரவர உள்ள சாயணும், முன்பக்கம் ரொம்பத் தாழ்வா. சுவர் உசந்தா கல் தொட்டியில குளிக்கற மாதிரி இருக்கும்.

கால்: கல்லு வெளிய புடைச்சு வர்ற இடங்களுக்குக் கீழ வைக்கணும், உள்ள வளையற இடத்துல இல்ல. உங்க கல்லுக்கு அஞ்சு கால் வரும்னு தோணுது. அதுல ஒண்ணு கட்டாயம் அந்தப் புடைப்புக்குழிக்கு நேர் கீழ. அங்கதான் தரை 5 மில்லியா மெலிஞ்சிருக்கு, கால் வந்தா 12 மில்லி ஆயிடும். மத்த இடத்துல அடிமரத்தை 7 மில்லி குடைஞ்சு எடுத்தா கால்கள் தானா நிக்கும். தனியா வெட்டி ஒட்டாதீங்க.

சாண்ட்பேப்பர் 120ல ஆரம்பிச்சு 180, 240, 400. ஒவ்வொரு நம்பரையும் தாண்டாம போகணும், தாண்டினா சாயம் பூசினதும் கீறல் எல்லாம் எழுந்து நிக்கும். மேல டங் ஆயில் ரெண்டு கை, நடுவுல ஒரு நாள் இடைவெளி, கடைசியா தேன்மெழுகு. மழைநாள்ல ஷெல்லாக் பூசாதீங்க, ஈரத்துல பால் மாதிரி வெளுத்துப்போகும். டங் ஆயில் துடைச்ச துணியை உருட்டிக் குப்பையில போடாதீங்க, தானாச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில விரிச்சுக் காயவச்சு அப்புறம் எறியுங்க.

வெங்கச்சங்கல் (பினாங்கு):

தண்ணீர்த் தட்டு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

சுய்பான் என்பது ஓட்டை இல்லாத ஆழம் குறைந்த பீங்கான் தட்டு. போன்சாய் தட்டு வாங்கினால் அடி ஓட்டையை மீன்தொட்டி சிலிக்கோனால் அடைத்து ஒரு நாள் காயவிடலாம். 18 செ.மீ. கல்லுக்கு உள்ளளவு 34க்கு 22, ஆழம் மூன்றரை செ.மீ. பொருந்தும். தட்டு சிறுத்தால் மலை பெருத்துத் தெரியாது, நெருக்கடிதான் தெரியும்.

மணல் சுமார் ஒரு மில்லி. ஜன்னல் கொசுவலையில் சலித்து, கீழே விழும் பொடியைத் தேநீர் வடிகட்டியில் இன்னொரு முறை சலித்தால் வேண்டிய பருமன் தங்கும். ஆற்று மணல், மங்கலான பழுப்பு. பத்து ஃபெரிங்கிக் கடற்கரை மணல் வேண்டாம்: உப்பு இருக்கிறது, காய்ந்ததும் வெள்ளை பூக்கும். பவள மணல் கண்ணைக் கூசும். ஆற்று மணலையும் நீர் தெளியும் வரை ஆறேழு முறை அலசுங்கள். அந்தத் தட்டில் 28 மில்லி உயரத்துக்கு இரண்டு லிட்டர் சொச்சம், உலர்ந்த எடையில் மூன்றேகால் கிலோ பிடிக்கும். புடைப்பு 12 மில்லி, அதற்கு மேல் இன்னொரு 4 மில்லி கல் மணலுக்குள் போனாலும் கீழே இடம் மீதி. இடப்பக்கம் சாயாமல் இருக்க, அடியில் டைல் துண்டு ஒன்றைக் கொடுத்து ஈரமணலால் இறுக்குங்கள்.

கல்லை நடுவில் வைக்காதீர்கள். பெரிய உச்சி இடப்பக்கம், சரிவு வலப்பக்கம் ஓடுகிறது. எனவே கல் நடுக்கோட்டுக்கு இடமாகவும் சற்றுப் பின்னாலும் இருக்கட்டும், வலப்பக்கம் வெளி கிடைக்கட்டும். மணலை அடிக்கோலால் மட்டமாக்கி உலர்ந்த பெயிண்ட் பிரஷால் தடவி முடியுங்கள். கல்லோரத்தில் விரல் தடம் தெரிந்தால் மொத்தமும் கெட்டுவிடும். குட்டிப் பாலம், குட்டி மீனவர் பொம்மை எதுவும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

கொசு: மணல் ஈரமாக இருக்கலாம், மேலே நீர் நிற்கக் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. முட்டை நீர்மட்டத்துக்கு மேலே தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த தடவை நனைந்ததும் பொரியும். எனவே ஆட்கள் வரும் நாளில் மட்டும் தெளிப்பானால் நனையுங்கள். வாரம் ஒரு முறை மணலைக் கொட்டி உலர்த்தி, தட்டின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு கண்டால் அபராதம் உண்டு. கல் வைத்திருந்தோம் என்று சொன்னால் இன்ஸ்பெக்டர் விடமாட்டார்.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):

எல்லாருக்கும் நன்றி. சோதனை முடிஞ்சது: கல்லு நுரைக்கல, கண்ணாடியைக் கீறிச்சு. வெள்ளைக் கோடு மட்டும் வினிகருக்கு நுரைச்சது. ஆசிட் பக்கமே போகமாட்டேன்.

ஞாத்தோ 30 மில்லி, மரக்கை அக்கா சொன்ன மாதிரி வச்சிருந்து குழி எடுத்தேன். வெளிக்கோடு இன்னும் அறுக்கல. ரெண்டு கோளாறு. ஒண்ணு, கல்லு இடவலமா ஆடுது. இடப்பக்கம் தூக்கின இடத்துல ஒரு மில்லி செதுக்கினேன், ஆட்டம் கூடிடுச்சு. ரெண்டு, முன் இடது மூலையில 2 மில்லி இடைவெளி விழுந்திடுச்சு. மரத்தூள் பசை வச்சு அடைக்கலாமா அக்கா?

ஆயர்ஈத்தாம்_மரக்கை (பினாங்கு):

கையை எடுங்க தம்பி, இன்னும் செதுக்காதீங்க!

தூக்கற பக்கம் குத்தவாளி இல்ல. சீசா பலகையை நினைச்சுக்குங்க. ரெண்டு முனையும் மாறி மாறித் தூக்குதுன்னா நடுவுல எங்கயோ ஒரு முட்டு இருக்கு, அதுமேலதான் கல்லு ஆடுது. அந்த முட்டுப் புள்ளியை எடுத்தா ரெண்டு பக்கமும் இறங்கும். நீங்க முனையில செதுக்கினதால முட்டு இன்னும் உசந்த மாதிரி ஆயிடுச்சு. உங்க கல்லுல அந்த முட்டு அனேகமா புடைப்புக்குழியோட இடது தோள்ல, அதாவது குழிச்சுவரோட மேல் ஓரத்துல இருக்கும். எல்லாரும் குழியோட தரையைத்தான் பாப்பாங்க, தோளை விட்டுடுவாங்க. கார்பனை ரெண்டா மடிச்சுக் குழிச்சுவரோட ஒட்டவச்சுப் பாருங்க, நீலம் அங்க விழும்.

2 மில்லி இடைவெளிக்குப் பசை வேண்டாம். விளிம்புல பசை வச்ச இடம் சாயத்தைக் குடிக்காது, காலம் பூரா வெள்ளைப் பல் மாதிரி தெரியும். அந்த மூலையில கல்லு மேல போகப்போக வெளிய அகலுதா பாருங்க. நான் சொன்ன நிழல்கோடு தப்புதான் அது. அகலுதுன்னா வழி சுலபம்: மொத்தக் குழியையும் ஆழப்படுத்துங்க. கல்லு கீழ இறங்க இறங்க அகலமான பகுதி விளிம்புக்கு வரும், இடைவெளி தானா மூடும். ஒரு மில்லி இறக்கத்துக்கு ஒரு மில்லி அகலுதுன்னா 2 மில்லி இறக்கினாப் போதும். 28க்குப் பதிலா 30 வாங்கச் சொன்ன மிச்சம் இதுக்குத்தான். ஆனா மத்த பக்கங்கள்ல கல்லு இப்ப விளிம்பை இடிக்கும், அங்கெல்லாம் கார்பன் வச்சுக் கொஞ்சங்கொஞ்சமா விட்டுக்கொடுக்கணும். முனையில எடுத்த அந்த ஒரு மில்லியும் இந்த இறக்கத்துல சரியாப் போயிடும்.

அந்த மூலையில கல்லு செங்குத்தா இருந்தா இறக்கியும் பயனில்ல. அப்ப அதே பலகையோட வெட்டுத்துண்டுலேர்ந்து ரேகை ஒத்துப்போற சில்லு ஒண்ணு ஒட்டி, காய்ஞ்சதும் மறுபடி செதுக்குங்க. ஞாத்தோவுக்கு ஞாத்தோ, தெரியாது.

குழிக்குள்ள, கண்ணுக்குத் தெரியாத அடியில, எப்பாக்ஸியில மரத்தூள் கலந்து படுக்கை போடறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. கல்லுக்கு நடுவுல பிளாஸ்டிக் உறை விரிச்சிடுங்க, இல்லாட்டி கல்லும் பீடமும் பிரியாது.

கூழாங்கல் (கோலாலம்பூர்):

பேபி ஆயில் கேள்வி விட்டுப்போயிற்று. தடவாதீர்கள். முதல் நாள் நனைந்த கல் போல அழகாக இருக்கும். பிறகு நகரத்துத் தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுக்காகும், பள்ளத்தில் சாம்பல் படலம் கட்டும். அந்த எண்ணெய்க்கு மேல் நீரும் ஒட்டாது. எனவே ஜப்பானியர் யோசெகி என்று சொல்லும் பழக்கப்படுத்தல் நடக்காது. மரத்தட்டி மேல் வெளியில் வைத்து, வெயிலும் நீரும் காற்றும் பல வருடம் பட்டு, கல்லின் தோல் ஆழமான நிறத்துக்கு வருவதுதான் யோசெகி.

கோலாலம்பூரில் மழை பாதி வேலையைச் செய்துவிடும். மீதியில் இரண்டு கவனம். நிழலான பால்கனியில் வைத்தால் வருவது நிறமாக இருக்காது, பச்சைப் பாசியாக இருக்கும். மாதம் ஒரு முறை திருப்பி வைத்து எல்லா முகத்துக்கும் வெயில் காட்டுங்கள். நடுமதியம் சுட்டுக் கிடக்கும் கல்லில் குளிர்நீர் ஊற்ற வேண்டாம். உங்கள் கல்லில் கால்சைட் கோடு ஓடுகிறது, விரிசல் விட அதுவே வழி. மைனா எச்சத்தை அன்றன்றே கழுவுங்கள், அந்தக் கோட்டுக்கு அமிலம் ஆகாது. அடுக்குமாடி என்றால் பால்கனிக் கைப்பிடிச் சுவர் மேல் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். ஒன்றேகால் கிலோ, கீழே ஆள் நடமாட்டம்.

வெங்கச்சங்கல் (பினாங்கு):

இதைப் படித்துவிட்டு ஆற்றுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கானுன் தானா நெகாரா என்ற தேசிய நிலச் சட்டப்படி அரசு நிலத்துப் பாறை, கல், மணல் எல்லாம் மாநில அரசின் சொத்து. எடுக்க பெர்மிட் வேண்டும். தெலுக் பஹாங் தேசியப் பூங்கா, புக்கிட் தாபூர் வெங்கச்சங்கல் முகடு போன்ற இடங்களில் கையே வைக்காதீர்கள். பினாங்குத் தீவில் தேடினாலும் கிடைப்பது பெரும்பாலும் கிரானைட். பருத்த மணி, அதில் ஒரு பங்கு மழையில் களிமண்ணாக மாறி உதிரும், உருவமும் உருண்டையாகவே வரும். மலைக்கல் வேண்டுமானால் நர்சரியும் மீன்தொட்டிக் கடையும்தான். மீன்தொட்டிக் கடையில் செய்ர்யூ என்று விற்பது பெரும்பாலும் சுண்ணாம்புக்கல், வினிகர் பாட்டிலோடு போங்கள்.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):

அக்கா, முட்டு நீங்க சொன்ன தோள்லதான் இருந்தது. எடுத்ததும் ஆட்டம் நின்னுடுச்சு. 2 மில்லி இறக்கினதுல மூலையும் மூடிடுச்சு, வலப்பக்கம் மட்டும் இன்னும் சுரண்டணும். கடைசியா ஒண்ணு: டிவி மேசையில, டிவிக்குக் கீழ வைக்கலாமா? அங்கதான் இடம் இருக்கு.

கூழாங்கல் (கோலாலம்பூர்):

டிவிக்குக் கீழே வேண்டாம். படம் ஓடும்போது கல்லைப் பார்க்க முடியாது, ஓடாதபோது கறுப்புத் திரைக்கு முன்னால் கறுப்புக் கல் காணாமல் போகும். வெளிறிய வெறும் சுவர் ஒன்றைப் பாருங்கள். உட்கார்ந்தால் பெரிய உச்சி கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வருகிற உயரம். ஒளி பக்கவாட்டிலிருந்து வந்தால் சரிவின் மடிப்புகள் எழும்பும், நேர் மேலிருந்து விளக்கு விழுந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கத்தில் மலை ஓவியம் மாட்டாதீர்கள், மலைக்கு மலை எதற்கு? சிறு புல்தொட்டி ஒன்று போதும், அதுவும் வலப்பக்கம், சரிவு முடிகிற திசையில். சீனத்து ஓவியர் மீ ஃபூ (1051–1107) ஒரு கல்லைப் பார்த்து மூத்தவரே என்று விழுந்து வணங்கினாராம். நீங்கள் சாமி மேடையில் ஏற்றிவிடாதீர்கள், சாம்பிராணிப் புகை படியும்.

ஆயர்ஈத்தாம்_மரக்கை (பினாங்கு):

ஏசி காத்து நேரா அடிக்கற இடமா இருக்கக் கூடாது தம்பி. அரை மில்லி இடைவெளி மூணு மாசத்துல குறைஞ்சிருக்கான்னு ஒரு தாளை நுழைச்சுப் பாருங்க. அகலவாக்குலதான் மரம் சுருங்கும், அதனால முன்பக்கமும் பின்பக்கமும் பாத்தாப் போதும். தாள் போகலன்னா உள்விளிம்பை 240ஆல ரெண்டு இழுப்பு இழுத்து, அந்த இடத்துக்கு மட்டும் திரும்ப மெழுகு போடுங்க.